நெடுமங்காட்டில் இறங்கவில்லை

என் தங்கை பஸ் கண்டக்டராக இருந்தாள். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் கிளம்பி நெடுமங்காடு வழியாக வித்துரா போகும் வண்டி. ஆறு வருஷம் அதே பாதை. ஆள் என்னைவிடக் குள்ளம், குரல் மட்டும் வண்டி முழுக்க எட்டும். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுகிறவர்களிடம் அவள் போடும் சண்டை அந்தத் தடத்தில் பிரசித்தம். வீட்டுக்கு வந்தாலும் உட்கார மாட்டாள். அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றபடியே சோற்றைத் தின்று முடிப்பாள்.

முப்பத்தொரு வயதில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஊரில் பாதிப் பேருக்கு வந்த காய்ச்சல்தான். ஐந்து நாளில் விட்டது. ஆறாம் நாள் வேலைக்குப் போனாள். பத்தாம் நாள் பேரூர்க்கடை தாண்டுவதற்குள் கம்பியைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு பழைய ஆளாகவே இல்லை. தலைக்குக் குளித்தால் அன்று முழுக்கப் படுக்கை. இரண்டு துணி துவைத்தால் அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கு மறுநாளோ வந்து சேரும்: கை கால் கழன்று விழுகிற வலி, தொண்டைப் புண், வெளிச்சம் பட்டால் கண் கூச்சம், பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த சொல் மறந்துபோவது. இரத்தம், ஸ்கேன் எல்லாம் சரியாக இருந்தன. அதுதான் அவளுக்கு வந்த வினை. ஏதாவது ஒன்று கெட்டிருந்தால் ஜனங்கள் நம்பியிருப்பார்கள்.

ஒரு டாக்டர் ரிப்போர்ட்டுகளைத் தள்ளி வைத்துவிட்டு, அவளைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்து, "கல்யாணம் கழிஞ்சா எல்லாம் மாறும்" என்றார். மூன்றாம் வருஷம்தான் இன்னொருவர் பொறுமையாகக் கேட்டு, இது நாட்பட்ட சோர்வு நோய், மருந்து கிடையாது, உடம்பு தாங்குகிற அளவைத் தாண்டாமல் இருப்பதுதான் வழி என்றார். பெயர் கிடைத்ததும் நிலைமை இன்னும் மோசமானது. சோர்வா? யாருக்குத்தான் சோர்வு இல்லை?

நானும் நம்பாதவள்தான். கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை எனக்கு. தினமும் நெடுஞ்சாலை நெரிசலில் ஒன்றரை மணி நேரம் நசுங்கி வீட்டுக்கு வந்தால் இவள் படுத்துக் கிடப்பாள். முதல் வருஷம் ஒரு மாசம், காலையில் அவள் போர்வையை உருவி, கையைப் பிடித்து இழுத்து, பழவங்காடி பிள்ளையார் கோயில் வரைக்கும் நடக்க வைத்தேன். உடற்பயிற்சி செய்தால் சரியாகும் என்று எங்கோ பார்த்திருந்தேன். "நடிக்காதட்டி, நட" என்பேன். அவள் நடந்தாள். மாசக் கடைசியில் பல் தேய்க்கக் கை தூக்க முடியாமல் போயிற்று. பிறகுதான் அந்த டாக்டர், நான் செய்தது மருந்தல்ல, அடி என்று புரிய வைத்தார்.

அதிலிருந்து நான் வேறு ஆளாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். இந்த நோயைப் பற்றி எல்லாருக்கும் சொல்லியாக வேண்டும் என்ற வெறி வந்தது. என்னோடு வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு ஆவணப்படம் எடுக்கப் போன ஒரு மலையாளப் பெண்ணை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவள் என் தங்கையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, பத்து நிமிஷம் மட்டும் பேசிவிட்டு எழுந்தாள். வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சேச்சி, இது படமாக்கணும். பணம் நம்ம ஜனங்கள்ட்டயே கேக்கலாம்" என்றாள். இணையத்தில் பக்கம் திறந்து, சின்ன வீடியோ போட்டு, பிடித்தவர்கள் முடிந்ததைப் போடுவது. அப்படித்தான் ஆரம்பித்தோம்.

நான்கு நிமிஷ வீடியோ. அதற்காகத் தங்கை மூன்று நாள் யாரோடும் பேசாமல், குளிக்காமல், தெம்பைச் சேர்த்து வைத்தாள். படம் பிடிக்கும் காலையில் நான் தலை வாரிவிட்டேன், அம்மா பொட்டு வைத்துவிட்டாள். தங்கை நிமிர்ந்து உட்கார்ந்து, தடங்கலில்லாமல், இரண்டு தடவை சிரித்துக்கூடப் பேசினாள். மறுநாளிலிருந்து ஒன்பது நாள் எழுந்திருக்கவில்லை. அந்த ஒன்பது நாளும் வீடியோவில் இல்லை.

வீடியோவின் கீழே எழுதினார்கள். பார்க்க நன்றாகத்தானே இருக்கிறாள் என்றார்கள். இந்த வியாதி எனக்கும் உண்டு, திங்கள்கிழமை தோறும் வரும் என்று ஒருவர் எழுதினார். அவர் என் ஆபீஸில் எனக்கு இரண்டு மேஜை தள்ளி உட்காருகிறவர். மலையாளத்தில் சோம்பேறிப் பெண்ணை 'மடிச்சி' என்பார்கள். அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் எழுதிவிட்டுப் போனவர்கள் பலர். "இது அந்த வித்துரா வண்டி சண்டைக்காரி அல்லே? எனக்குச் சில்லறை பாக்கி தராதவள். தெய்வம் உண்டு" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அதை நூற்றுக்கணக்கான பேர் விரும்பியிருந்தார்கள்.

தங்கை அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். நான் மறைத்தேன். அம்மா வாசித்துக் காட்டிவிட்டாள். காட்டிவிட்டு, "நாலு பேரும் அதத்தான சொல்லுதாவ" என்றாள்.

பணம் கொஞ்சம் வந்து அப்படியே நின்றது. போட்டவர்களில் சிலர், நோயாளி என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டு எழுதினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படம் எடுக்கிற பெண் வந்து, அடுக்களையில் என்னிடம் மட்டும் சொன்னாள்.

"சேச்சி, பிரச்சனை என்னன்னா, கேமரா முன்னாடி அவ நல்லா இருக்கா. பின்னாடி விழுறது யாரும் பாக்கல. ஒரு நாள் பழைய மாதிரி பஸ்ல போகட்டும். அத எடுப்போம். பின்னே வர்றதையும் எடுப்போம். ரெண்டையும் சேத்துக் காட்டினா ஆருக்கும் வாய் தொறக்க முடியாது."

"அவளுக்கு ஆகாது."

"ஒரு தடவ போதும். சேச்சி முடிவு பண்ணுங்க."

நான் முடிவு பண்ணினேன். தங்கையிடம் போய்ச் சொன்னபோது அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வித்துரா வண்டி என்றதும் திரும்பினாள்.

"எத்தன நாளு படுக்கணும்க்கா?"

"ஒரு வாரம். மிஞ்சிப் போனா ரெண்டு."

"நெசமாட்டா?"

"நெசம்தான்."

எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி சொன்னேன்.

இப்போதும் அந்தக் காலையை நினைத்தால் முதலில் வருவது அவளுடைய முகம்தான். காக்கி போடவில்லை, ஒரு சாதாரண நீலச் சுடிதார். கிழக்கேகோட்டையில் ஏறும்போதே டிரைவர் அடையாளம் கண்டு, "எடீ, நீ சாகலையோ? எங்கே போயிருந்தே?" என்று கத்தினார். வண்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வேலைக்குப் போகிற பெண்கள் இரண்டு பேர் அவளைக் கட்டிக்கொண்டார்கள். உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேரூர்க்கடையில் கண்டக்டர் ஒதுங்கி இடம் விட, இவளே மணிக்கயிற்றை இரண்டு தடவை இழுத்தாள். வண்டி கிளம்பியது. குழந்தை மாதிரிச் சிரித்தாள். முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்து அந்தப் பெண் படம் எடுத்துக்கொண்டே இருந்தாள். நான் கேமராவுக்குப் பின்னால், படத்தில் விழாத இடத்தில் இருந்தேன்.

நெடுமங்காடு ஸ்டாண்டில் வண்டி ஐந்து நிமிஷம் நின்றது. தங்கை சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். உதட்டைச் சுற்றி வெளுத்திருந்தது. கேமராவைத் தாண்டி என்னைப் பார்த்தாள்.

"எறங்குவோமாக்கா?"

அந்தப் பக்கம் திருவனந்தபுரம் திரும்புகிற வண்டி ஒன்று காலியாக நின்றுகொண்டிருந்தது. ஆட்டோவும் இருந்தது. மலை ஏற்றம் இனிமேல்தான். படத்துக்கு அந்த மலைதான் வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். நான் தலையை இடமும் வலமும் ஆட்டினேன். "இன்னும் கொஞ்ச தூரம்தான், கேட்டியா? வந்தது வந்தாச்சு" என்றேன்.

அவள் சரி என்று சொல்லவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. வித்துராவில் கைத்தாங்கலாக இறக்கினோம். சந்தை முக்கில் ஒரு கடையில் டீ வாங்கிக் கொடுத்தேன். கிளாஸைப் பிடிக்க முடியாமல் கீழே போட்டாள். அதுவும் படத்தில் இருக்கிறது.

மூன்றாம் நாள் விழுந்தாள். அதற்கு முன்பெல்லாம் விழுந்ததுபோல இல்லை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினோம். மிக்ஸி ஓடினால் அவளுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. கஞ்சியை ஸ்பூனில் ஊட்டினால் பாதியில் விழுங்க மறந்து வாயைத் திறந்தபடி கிடப்பாள். ஒரு வாரம் போயிற்று. இரண்டு வாரம் போயிற்று. நான் ஜன்னல் துணியை அவிழ்க்கும் நாளுக்காகக் காத்திருந்தேன். அந்த நாள் வரவில்லை. இதை எழுதும்போது மூன்றாவது மழைக்காலம் நடக்கிறது. துணி அப்படியே இருக்கிறது.

அந்தப் பெண் கதவிடுக்கு வழியாக, விளக்கு இல்லாமல் எடுத்தாள். கறுப்பில் ஒரு கை, ஒரு காது, ஈரத் துணி போட்ட கண். அதில் ஒரு துண்டை எங்கள் இணையப் பக்கத்தில் போட்டோம். முன்பு நகராத பணம் மூன்று நாளில் நிறைந்தது. மடிச்சி என்றவர்களும் மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள். தங்கையிடம் சொல்ல வழியில்லை. அப்போது அவளுக்கு ஒரு வாக்கியம்கூடத் தாங்காது.

படத்தை வெட்டி ஒட்டும்போது அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டாள். நெடுமங்காடு காட்சி வந்தது. தங்கை என்னைப் பார்த்து, "எறங்குவோமாக்கா?" என்கிறாள். நான் படத்தில் இல்லை. ஆனால் என் குரல் இருக்கிறது. "வந்தது வந்தாச்சு." கேட்டதும் என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. போர்வையை உருவின காலத்துக் குரல் அது.

"இது வேண்டாம்" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "சேச்சி, படத்துல இருக்குற ஒரே உண்மையான சீன் இதுதான்."

"அவ என் தங்கச்சி. வேண்டாம்னு நான் சொல்லுதேன்."

அவள் வாதாடவில்லை. அதை வெட்டிவிட்டாள். இப்போது படத்தில் நெடுமங்காடு ஸ்டாண்டு வருகிறது, வண்டி நிற்கிறது, உடனே மலை வருகிறது.

முதல் திரையிடல் ஊருக்குள்ளேயே ஒரு சின்ன அரங்கில் நடந்தது. நிறைய அழுதார்கள். முடிந்ததும் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். இப்படி ஒரு அக்கா யாருக்குக் கிடைப்பாள் என்று ஒரு அம்மாள் மைக்கில் சொன்னாள். எல்லாரும் கைதட்டினார்கள். நான் கும்பிட்டுவிட்டு இறங்கினேன். முன் வரிசையில் அம்மா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகும் ஆட்டோவில், "எம் பிள்ளைக்கி இம்புட்டுக் கஷ்டமா? எனக்குத் தெரியலயே" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலை தங்கையின் அறை வாசலில் அம்மாவின் குரல் கேட்டது. "ஏட்டி, செத்த எந்திச்சு வெயில்ல ஒக்காரேன். எத்தன நாளு இப்பிடிக் கெடப்ப?"

அம்மாவை நான் கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தேன். "நேத்து என்னத்தப் பாத்து அழுத?" என்று கத்தினேன். அம்மாவுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "அது படம்லா" என்றாள்.

சில மாதம் கழித்து தங்கைக்குக் கொஞ்சம் தேறியது. தேறியது என்றால், இரண்டு மூன்று வாக்கியம் கேட்கலாம், ஒன்று பேசலாம். நான் தரையில் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, நெடுமங்காட்டுக் காட்சியைப் படத்திலிருந்து வெட்டச் சொன்னேன் என்று மெதுவாகச் சொன்னேன். என்னைப் பெருமையாகப் பேசுகிறார்கள் என்றும் சொன்னேன். அவள் கண்ணை மூடியபடி கிடந்தாள். கேட்டாளா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. மறுநாள் கஞ்சி கொண்டுபோனபோது பேசினாள்.

"நீ எறங்கச் சொல்லிருந்தாலும் நான் எறங்கிருக்க மாட்டேன்னு நான் சொல்லணும். அதுக்குத்தான வந்த?"

நான் கஞ்சி ஸ்பூனை அவள் வாயருகே கொண்டுபோனேன்.

"சொல்ல மாட்டேன்க்கா" என்றாள்.

அவ்வளவு பேசியதற்கு அவள் நான்கு நாள் கண் திறக்கவில்லை. நான் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து, காட்சியைத் திரும்பச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். படம் பல இடங்களுக்குப் போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஒரு கல்லூரியில் காட்டுகிறார்கள், சேச்சி வந்து இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றும் கேட்டாள்.

போனேன். ஒரு மாணவி எழுந்து, அக்காவுக்கு இவ்வளவு பொறுமை எப்படி வந்தது என்று கேட்டாள். பழகிவிட்டது என்று பதில் சொன்னேன்.