தில்லையம்மாள் கால் வைத்த களம்

என் பெண்டாட்டி தில்லையம்மாளுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. ஆனால் அவித்த நெல்லில் காலை வைத்துத் துழாவினால் போதும், இன்னும் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். காட்டுமன்னார்கோயில் ரைஸ்மில் களத்தில் பதினாறு வருஷம் நெல் காயவைத்த கால் அது. அதே மில்லில் நெல் அவிக்கிறவன் நான், கொளஞ்சியப்பன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

அறுபத்தைந்தாம் வருஷம் எங்கள் பக்கத்து அப்துல் வதூது பாய், மைசூர் ராஜ்ஜியத்துத் தாவணகெரேயில் புதிதாக ரைஸ்மில் வைத்தார். மங்களூருக்கு அனுப்பப் புழுங்கல் அரிசி வேண்டும். அங்கே அவிக்கத் தெரிந்த ஆள் இல்லை. எங்களைக் கூப்பிட்டார்.

"நெல்லு மூணு அவியல் போட்டுக் காட்டுங்க. அரிசி முழுசா வந்தா ரெண்டு பேருக்கும் இங்கயே வேலை. நொறுங்குச்சுன்னா நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

நானோ இருந்த வேலையை விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பெருமை பேசிவிட்டுக் கிளம்பியிருந்தேன். திரும்பிப் போக முகம் கிடையாது.

சிதம்பரத்தில் ரயில் ஏறி, பெங்களூரில் மாறிப் போய் இறங்கினோம். கண்ணுக்கு எட்டினமட்டும் மேட்டுப் பூமி, பஞ்சாலைப் புகைக்கூண்டுகள், ஓயாத வறட்டுக் காற்று. கடைத்தெருவில் வெண்ணெய் மிதக்கும் தோசை தின்றோம். தில்லையம்மாள் இன்னொன்று கேட்டு வாங்கினாள். சாயங்காலத்துக்குள் அவள் உதடு வெடித்துவிட்டது.

முதல் அவியலைக் காலையில் களத்தில் பரப்பினோம். உச்சிப்பொழுதில் துழாவிக்கொண்டிருந்தவள் நின்றாள்.

"போதும்யா. அள்ளிடலாம்."

"ஏ புள்ள, சூரியன் இன்னும் தலைக்கு மேலதான் நிக்குது. நம்மூர்ல நாலு மணிக்கு முன்னாடி என்னிக்காவது அள்ளியிருக்கமா?"

"கால்ல சொரசொரங்குது. சொன்னா கேளு."

"அவிக்கிறவன் நானா, நீயா?"

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நாலு மணிக்குத்தான் அள்ளினேன். மறுநாள் மில்லில் விட்டால் பாதிக்குப் பாதி நொய். பாய் ஒரு கை அள்ளி, முழு அரிசியை மட்டும் பொறுக்கி எண்ணினார். திட்டியிருந்தால் தேவலை.

இரண்டாவது அவியலுக்கு ஊறல் நேரத்தைக் கூட்டினேன், ஆவியைக் குறைத்தேன். அள்ளியது மட்டும் அதே நாலு மணி. மறுபடியும் நொய். இந்த ஊர் நெல்லே மட்டம் என்று மில் சத்தத்துக்கு மேல் கத்தினேன்.

"இன்னும் ஒண்ணு இருக்கு, கொளஞ்சி" என்று சொல்லிவிட்டு பாய் போய்விட்டார்.

தில்லையம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"நெல்லு மேல பழி போடாதய்யா. வந்த அன்னிக்கே என் உதடு வெடிச்சுது. அதே காத்துதான நெல்லையும் காயவெக்குது? அது மட்டும் வெடிக்காதா?"

அட, மடப்பயல் புத்தியே! எங்கள் வீராணம் ஏரிப் பக்கத்து ஈரக்காற்றுக்குப் போட்ட கணக்கை இந்த மேட்டு நாட்டில் கொண்டுவந்து பரப்பியிருக்கிறேன். அவள் முதல் நாளே சொன்னதைக் கேட்காத வெட்கம் வேறு.

"சரி, இந்தத் தடவ நீ சொல்றதுதான்" என்றேன்.

மூன்றாவது அவியலில், வெயில் உச்சிக்கு வருமுன்பே அவள் கால் நின்றது. அரை ஈரத்திலேயே நெல்லை நிழலில் குவித்து, உள்ளே இருக்கும் ஈரம் மெல்ல வெளியே வரட்டும் என்று சாக்குப் போட்டு மூடச் சொன்னாள். மறுநாள் காலை வரை யாரையும் தொடவிடவில்லை. பிறகு இளவெயிலில் கொஞ்ச நேரம் பரப்பி, அவள் தலையசைத்ததும் அள்ளி மில்லில் கொட்டினோம். அரிசி விழ ஆரம்பித்தது. முழுசு! நொய் தேடித்தான் எடுக்க வேண்டும்.

பாய் உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ்! எத்தினி மணிக்கு அள்ளுன, கொளஞ்சி? சொல்லு, போர்டுல எழுதி மாட்டிடுவோம்."

"மணியெல்லாம் எனக்குத் தெரியாது பாய். அவ கால் நின்னப்ப அள்ளினோம்."

தில்லையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் உதடு எரியுமாம்.