படகுக்குப் போன அடுப்பு

பாய்மரப் படகில் சமைக்க எந்த அடுப்பு என்று தம்பி வாரக்கணக்கில் யோசித்தான். காஸ் கசிந்தால் படகின் அடியிலேயே தங்கிவிடுமாம். கடைசியில் மண்ணெண்ணெய் பம்ப் அடுப்பு வாங்கிவந்து பற்றவைத்தான். அந்த வாடை என்னைப் பனித்திட்டு கிராமத்தில் நாங்கள் வளர்ந்த வீட்டுக்கே இழுத்துப்போனது.

"கடலுக்குப் போறவனுக்கு சூடா சோறு வேணும்டி" என்று, வீட்டிலிருந்த ஒரே பம்ப் அடுப்பையும் ரேஷன் மண்ணெண்ணெயையும் அப்பா படகில் ஏற்றிவிட்டார். அவருக்கு ஒரு வேளைச் சோற்றுக்குப் பம்ப் அடுப்பாம். மூன்று வேளையும் பொங்குகிற அம்மாவுக்கு ஈரச் சவுக்கு மிளார் விறகாம்! ஊதி ஊதி இருமினாள். கரையேறி வந்தவர், "இன்னாடி, வூடெல்லாம் புகை?" என்று அவளைத்தான் திட்டினார்.

"படகுல புகை ஆவாதுக்கா, கண்ணு எரியும்" என்றான் தம்பி.

"அம்மாவுக்கும் கண்ணு இருந்துச்சுடா" என்றேன்.