அணி ஜெயித்த அன்று எங்கள் கதவில் விழுந்த வெட்டு

நான் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆட்டோ ஓட்டுகிறேன். கொழும்பில் கடை வேலை பார்க்கும் என் மனைவியின் தம்பி செல்வம் தீபாவளிக்கு வந்தான். ஒரு கிரிக்கெட் அணியின் பேரில் விற்கும் ரசிகர் டோக்கன் என்ற கிரிப்டோ காசைப் போனில் காட்டி, "டீம் கப் அடிச்சா வெல எகிறிரும்" என்றான். எங்கள் லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் தோட்டம் கொடுத்த தீபாவளி அட்வான்சை அவனிடமே கொடுத்து வாங்கச் சொன்னார்கள். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் காசு அது.

செல்வம் கொழும்புக்குத் திரும்புமுன்பே நடந்த இறுதிப் போட்டியில் அணி ஜெயித்தது. மிச்சம் வைத்திருந்த வெடியெல்லாம் கொளுத்தினோம். பிறகு போனைப் பார்த்தால் டோக்கன் விலை பாதிக்கும் கீழே கிடந்தது. டோக்கனைக் குவித்து வைத்து வெற்றிக்காகக் காத்திருந்த பெரிய கைகள் அந்த நிமிடமே விற்றுவிட்டுப் போயிருந்தன. அது எங்களுக்கு எப்படித் தெரியும்?

"டீம் ஜெயிச்சிருச்சில்ல? அப்ப எங்க காச நீதானடா அமுக்கிட்ட!" பக்கத்து வீட்டு முருகன் செல்வத்தின் மூக்கை உடைத்தான். செல்வத்தை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். முருகன் தேயிலை கவ்வாத்து வெட்டும் கத்தியால் கதவை வெட்டினான். பலகை பிளந்து, முட்டுக் கொடுத்திருந்த என் கையில் கத்தி இறங்கியது.

ரத்தத்தைப் பார்த்ததும் கத்தியைப் போட்டுவிட்டு அழுதவனும் முருகன்தான். "அண்ணே, மன்னிச்சிருங்கண்ணே" என்று என் ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

இப்போது ஆட்டோவில் யாராவது டோக்கன் பேச்சை எடுத்தால், வண்டியை ஓரங்கட்டிச் சட்டைக் கையை மடித்துக் காட்டுகிறேன்.

"இது டீம் ஜெயிச்ச அன்னைக்கு விழுந்த வெட்டுங்க."