தேங்காயெண்ணெயில் ஓடிய லாஞ்சு

அந்தக் காலையில் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. விடியும்வரை பெய்த மழை ஓய்ந்திருந்தது. காற்று குளிர்ந்திருந்தது.
2. ஏழு மணிக்குத் துறைமுக அதிகாரி லாஞ்சில் ஏறினார்.
3. பினாங்குக் கரையிலிருந்து எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்குப் புறப்பட்டோம்.
4. பாதிக் கடலில் எஞ்சின் மூன்று முறை இருமிவிட்டு நின்றது.
5. ஒரு சரக்குப் படகு எங்களைக் கரைக்கு இழுத்து வந்தது.
6. நானா ஒரு பொய் சொன்னார். நான் பேசாமல் நின்றேன்.

ஆறாவதுதான் மூன்று வருடங்களாக என்னை உட்கார விடவில்லை.

நானா அந்த லாஞ்சின் சொந்தக்காரர். எஞ்சினையும் அவரே ஓட்டினார். நாகூர்ப் பக்கத்து முஸ்லிம். அவர்கள் வழக்கில் நானா என்றால் அண்ணன்; துறையில் எல்லோருக்கும் அவர் நானாதான். நான் சுங்கை பினாங்கில் ஒரு தேங்காயெண்ணெய் ஆலையின் சோதனை அறையில் வேலை பார்க்கிறேன். அப்போது அங்கே நான் ஒருத்திதான் பெண். கொப்பரை விலை விழுந்து, எண்ணெய் பீப்பாய் பீப்பாயாகத் தேங்கிக் கிடந்த காலத்தில் அவர் ஆலைக்கு வந்து, அதை எஞ்சினுக்கு ஊற்றிப் பார்க்க வேண்டும் என்றார். “சீமை எண்ணெய் கப்பல்ல வரணும் தங்கச்சி. தேங்கா இங்கேயே விழுது. கப்பல் வரலேன்னா என் லாஞ்சு நிக்கணுமா?”

மேலாளர் சிரித்துவிட்டு, அந்த வேலையை என்னிடம் விட்டார். இரண்டு மாதம் எண்ணெயை வடிகட்டினேன், கசடு பார்த்தேன், ஒவ்வொரு ஓட்டத்தையும் குறித்தேன். எஞ்சின் ஓடியது. புகையில் பலகாரம் பொரிக்கும் வாசனை வந்தது. துறையில் மூட்டை தூக்குகிறவர்கள், “நானா, பீசாங் கோரேங் ரெண்டு தட்டுலா!” என்று வாழைப்பழ பஜ்ஜி கேட்டுக் கத்துவார்கள். “எண்ணெ காயட்டும், வரிசையில நில்லுலா!” என்று இவர் திருப்பிக் கத்துவார்.

அதுவரை அவர் லாஞ்சு சரக்கு மட்டுமே ஏற்றியது. ஆட்களை ஏற்ற உரிமம் வேண்டுமென்றால், அதிகாரி உடன் வரும்போது நிற்காமல் போய்த் திரும்ப வேண்டும். அதற்காக நான் பன்னிரண்டு சோதனைகள் கொண்ட பட்டியல் தயாரித்தேன். முதல் நாள் மாலையே பன்னிரண்டுக்கும் நேரே குறி போட்டாகிவிட்டது.

எஞ்சின் நின்றதும் நானா வடிகட்டியைத் திறந்தார். உள்ளே வெண்ணெய் போல வெள்ளையாக ஒரு கட்டி. மேல்தளத்துத் தொட்டியில் எண்ணெய் இரவுக் குளிரில் பாதி உறைந்து, கட்டிகள் வழியில் வந்து வடிகட்டியை அடைத்திருந்தன. பார்த்த கணத்தில் எனக்குப் புரிந்தது. அன்று காலை என் வீட்டிலும் தலைக்கு வைக்கும் எண்ணெய் சீசாவில் உறைந்திருந்தது. சீசாவை வெந்நீரில் நிறுத்தி, உருக்கி, தலையில் தேய்த்துப் பின்னிக்கொண்டுதான் லாஞ்சுக்கு வந்திருந்தேன். எந்த வீட்டுப் பெண்ணுக்கும் தெரிந்த விஷயம். அடுப்பு எரியும் சோதனை அறையில் எண்ணெய் உறைந்து நான் பார்த்ததில்லை; அதனால் என் பட்டியலிலும் அது இல்லை.

லாஞ்சு கரையைத் தொட்டதும், யார் சரிபார்த்தது என்று அதிகாரி கேட்டார். பட்டியல் என் கையில் இருந்தது. நான் வாய் திறப்பதற்குள், “இந்தப் பெண் எண்ணெயைச் சூடாக்கச் சொன்னாள், நான்தான் அலட்சியமாக இருந்துவிட்டேன்” என்று நானா மலாயில் சொன்னார். ஓட்டுபவர் கவனமில்லாதவர் என்று அதிகாரி எழுதிக்கொண்டார்.

கரையில் இறங்கியபின், “ஏன் நானா அப்படிச் சொன்னீங்க?” என்றேன். அவர் என் பின்னலைப் பார்த்தார். “தலை மட்டும் பளபளன்னு இருக்கு. அதுக்கு மட்டும் சுடுதண்ணியாக்கும்?” என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. கைகளைத் துடைத்தபடி குரலைத் தாழ்த்தினார். “என் பேரு கெட்டா நாலு நாள் பேசுவானுங்க. உன் பேரு கெட்டா, இனிமே எந்தப் பொண்ணையும் அந்த ரூம்ல விடமாட்டானுங்க. போ, வேலையப் பாரு.”

மறுவாரமே, எண்ணெய் சூடேறட்டும் என்று குழாயைப் புகைபோக்கியைச் சுற்றி வளைத்துப் போட்டார். அதன்பின் எந்த மழையிலும் எஞ்சின் நின்றதில்லை. உரிமத்துக்கு இரண்டு முறை மனுப் போட்டார். இரண்டு முறையும், கவனமில்லாதவருக்கு உரிமம் இல்லை என்றே பதில் வந்தது.

சோதனை அறையில் இப்போது இன்னொரு பெண்ணும் சேர்ந்திருக்கிறாள். துறைமுக அலுவலகத்துக்கு உண்மையைச் சொல்லி நான் மூன்று கடிதங்கள் எழுதினேன். ஒன்றையும் தபாலில் போடவில்லை. லாஞ்சு தேங்காயெண்ணெயில்தான் ஓடுகிறது. இன்றும் சரக்கு மட்டுமே ஏற்றுகிறது.