வெள்ளைத் துணி கட்டிய வலை

ஜாக்குலினுக்கு வாய் பேசுவதற்கு முன்னால் கை பேசிவிடும். பழவேற்காட்டில் இது தெரியாதவர்கள் வெளியூர்க்காரர்கள்தான். பூநாரைக்குக் கண்ணி வைத்தவர்களைச் சேற்றில் துரத்தித் துடுப்பாலேயே அவள் வெளுத்து வாங்கிய கதையை மீன் மார்க்கெட்டில் இன்றைக்கும் கை தட்டிச் சொல்வார்கள். அன்றைக்கு ஒருவன் திருப்பி வீசிய கத்தி அவள் இடது புருவத்தைப் பிளந்துவிட்டது. தையல் போட்ட டாக்டர், "இன்னா வேலைமா பாக்குறே நீ?" என்று கேட்டார். "மீனையும் பறவையையும் பாத்துக்கற வேலை சார்" என்றாள். டாக்டர் நம்பவில்லை. வேறு யார்தான் நம்புவார்கள்?

ஆனால் அதுதான் வேலை. ஒரு தொண்டு நிறுவனத்துக்காக ஏரியின் தென்பகுதியைக் காக்கும் குழுவுக்கு அவள் தலைவி. இரண்டு படகு, விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள், கடைத்தெருவில் ஒற்றை அறை ஆபீஸ். அலையாத்திக் கன்று நடுவார்கள், பறவைகள் தங்கும் திட்டுகளைக் காவல் காப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேல் குஞ்சுத்துறை. முகத்துவாரத்துக்கு உள்ளே, இடுப்பளவு தண்ணீரில், அலையாத்தி வேர்களுக்கு நடுவே இறாலும் மடவையும் கொடுவாவும் குஞ்சாக இருந்து வளரும் இடம் அது. அங்கே யாரும் வலை போடக்கூடாது என்று சுற்றியுள்ள குப்பங்களை ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் ஜாக்குலின் நாயாய் அலைந்துவிட்டாள். வாங்கிய ஏச்சும் அடியும் தனி.

ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. எந்த இடம் எந்த நாளில் யாருக்கு என்று குப்பத்தில் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். வீட்டு ஆண்பிள்ளை கடலில் செத்துப்போனால் அவன் பாடு மனைவிக்கு வரும். ஒரு வருஷத்துக்கு நல்ல இடமாகப் பார்த்து அவளுக்கென்று ஒதுக்குவார்கள். உறவுக்காரன் ஒருவன் வலை கட்டிக் கொடுப்பான். கழியின் உச்சியில் வெள்ளைத் துணி பறக்கும். கட்டியவனைத் தவிர அந்த வலையை வேறு யாரும் தொடக்கூடாது, தூக்கிப் பார்க்கக்கூடாது, எவ்வளவு விழுந்தது என்று வாய்விட்டுக் கேட்கவும் கூடாது. தொட்டவன் திருடன். அவன் வீட்டுக்கு அதற்கப்புறம் பாடே கிடையாது.

ஜாக்குலினும் அந்த வெள்ளைத் துணியில் சோறு தின்றவள்தான். லைட்ஹவுஸ் குப்பத்துக் கடலில் படகு கவிழ்ந்து புருஷன் ராபர்ட் போனபோது அவளையும் மகளையும் காப்பாற்றியது அந்த வலை. கோயிலில் மண்டியிடும்போதுகூட அந்தத் துணி அவளுக்கு ஞாபகம் வரும். அதற்காக அவள் யாரையும் அடிப்பாள்.

அடித்தாள். அவள் குழுவில் படகு ஓட்டிய பிரதாப்பை அடித்தாள்.

அந்த வருஷம் குஞ்சுத்துறையில் குஞ்சு குறைந்துகொண்டே வந்தது. குழுவினர் அவ்வப்போது சின்ன வலை இழுத்து எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுவார்கள். வாளி நிறைந்த இடத்தில் ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை. இறால் பண்ணைக்கு யாரோ குஞ்சை அள்ளி விற்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு வலையாகத் தூக்கிப் பார்த்தார்கள். ஒன்றை மட்டும் சுற்றிக்கொண்டு போனார்கள். துறையின் வாயை ஒட்டி வெள்ளைத் துணி பறந்த வலை அது. திரௌபதியின் வலை. அவள் புருஷன் கடலில் செத்து நான்கைந்து மாதம்தான் ஆகியிருந்தது. கொழுந்தன் உலகநாதன் அவளுக்காகக் கட்டியிருந்தான்.

"அக்கா, அந்த வெள்ளத்துணி வலய ஒருவாட்டி தூக்கிப் பாத்துடலாமா?" என்றான் பிரதாப்.

அறை விழுந்த வேகத்தில் அவன் உதடு கிழிந்தது. "திரௌபதி சோத்துல கை வைக்கச் சொல்றியா? நீயும் பொண்டாட்டி புள்ள வச்சிருக்கறவன்தானே?"

பிரதாப் ரத்தத்தைத் துப்பிவிட்டு அமைதியாகச் சொன்னான். "வச்சிருக்கறதாலதான் சொல்றேன். குஞ்சு பூட்டா நாளைக்கு அதுங்க இன்னாத்தத் துன்னும்?"

மறுநாள் விடிந்ததும் அவன் தனியாகப் போயிருக்கிறான். தண்ணீர் வடியும் நேரத்தில் கண்ணப்பன்தான் பார்த்தான். குழுவிலேயே மூத்த ஆள் அவன், எதற்கும் கத்தாதவன். அன்றைக்குக் கத்திய கத்தல் கரை வரைக்கும் கேட்டது. பிரதாப் வெள்ளைத் துணிக்குக் கீழே சேற்றில் கிடந்தான். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் படகு தள்ளும் கோல் ஒன்று முறிந்து மிதந்தது.

பொன்னேரிக்குப் போகும் வேனில் அவன் தலையை ஜாக்குலின் மடியில் வைத்திருந்தாள். புடவை முழுக்க நனைந்து ரத்தம் சீட்டில் ஒழுகியது. "அக்கா... கொசுவல. உள்ளார கொசுவல தெச்சிருக்கான்" என்றான் பிரதாப். ஆஸ்பத்திரி வாசலில் அவனை இறக்கும்போது உயிர் இல்லை.

உலகநாதன் ஊருக்கு வேறு கதை சொன்னான். வெள்ளையில் திருட வந்தவன் பாசியில் வழுக்கிக் கழியில் மண்டையை இடித்துக்கொண்டானாம். வலையைத் தொடப்போன போலீஸ்காரரை ஊரே கூடி மறித்தது. மதியம் கூட்டம் போட்டுத் தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள்: வெள்ளையைத் தொட்ட பிரதாப் திருடன், அவன் மனைவி தேவிக்குப் பாடு கிடையாது. தேவி இரண்டு பிள்ளைகளோடு பிணம் வருவதற்காகக் காத்திருந்தாள். அவளிடம் இதைப் போய்ச் சொன்னவர்களும் உண்டு.

கரையில் இவ்வளவு பேர் நிற்கும்போது உலகநாதனால் வலைக்குக் கிட்டே போக முடியவில்லை. இருட்டியதும் குஞ்சு பிடிக்கும் அந்தக் கொசுவலையை அறுத்துவிடுவான். அப்புறம் பிரதாப் என்றென்றைக்கும் திருடன்தான். வெளிச்சம் இருக்கும்போதே ஊர் பார்க்க அந்த வலையைத் திறந்தாக வேண்டும். நேற்றே ஜாக்குலின் தூக்கியிருந்தால் இன்று பிரதாப் படகு ஓட்டிக்கொண்டிருப்பான்.

அவள் முதலில் திரௌபதியிடம் போனாள். "உன் வலய தூக்கப் போறேன்டி."

திரௌபதி கஞ்சிக் குண்டானை அப்படியே அவள் முகத்தில் வீசினாள். "எம் புருஷன் செத்தது பத்தலியா உனுக்கு? நீயும் தாலியறுத்தவதானே!"

ஜாக்குலின் முகத்தைத் துடைத்துக்கொண்டு கண்ணப்பனோடு படகில் ஏறினாள்.

உலகநாதன் தன் ஆட்கள் இருவரோடு குறுக்கே வந்தான். படகும் படகும் மோதின. கண்ணப்பன் ஒருவன் மேல் பாய்ந்து தலையால் முட்டினான்; பல் உடைகிற சத்தம் கேட்டது. மற்றவன் கண்ணப்பனைத் தண்ணீருக்குள் அமுக்கினான். ஜாக்குலின் குதித்து, கழியைப் பிடுங்கிச் சாய்த்து, வலையைத் தோளில் சுற்றிக்கொண்டு கரையைப் பார்த்து இழுத்தாள். உலகநாதனின் கோல் முதுகில் இறங்கியது. மறுபடி இறங்கியது. கரையிலிருந்து கல்லும் வந்தது. "வெள்ளய தொட்டுட்டாடா!" என்று கத்தினார்கள். ஒரு கல் காதைக் கிழித்தது.

யாருக்கும் பயப்படாத கை அவளுடையது. அன்றைக்கு ஒருமுறைகூட அது திருப்பி அடிக்கவில்லை. இரண்டு கையும் வலையைப் பிடித்திருந்தன. உலகநாதன் அதைப் புரிந்துகொண்டு விரல்களின் மேலேயே அடித்தான். எலும்பு நொறுங்கியது அவளுக்கே கேட்டது. அவள் அலறினாள், ஆனால் விடவில்லை.

கரையில் திரௌபதியின் காலடியில் போய் விழுந்தாள். வலையின் வால் முடிச்சை அவிழ்க்க விரல் மடங்கவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள். முடிச்சு அவிழ்ந்ததும் உள்ளே தைத்திருந்த பச்சைக் கொசுவலை வெளியே பிதுங்கியது. அதிலிருந்து குஞ்சுகள் கொட்டின. நகத்தளவு மடவை, தூசி போல இறால், எல்லாம் மணலில் துள்ளின.

திரௌபதி குனிந்து கொசுவலையைத் தடவிப் பார்த்தாள். பிறகு தண்ணீரில் நின்ற உலகநாதனைப் பார்த்தாள்.

"மீனே வுய மாட்டேங்குதுன்னியே. எம் புள்ளைங்க வெறுங்கஞ்சி குட்ச்சிகினு கெடக்குதுங்களே."

"அண்ணி, நான் இன்னா சொல்றேன்னா..."

அவன் சொல்லி முடிக்கவில்லை. திரௌபதி தண்ணீருக்குள் இறங்கி அவன் கையிலிருந்த கோலைப் பிடுங்கினாள். முதல் அடி வாயில் விழுந்தது, அடுத்தது தோள்பட்டையில். அவன் மண்டியிட்டான். அவள் அடித்துக்கொண்டே இருந்தாள். அதுவரை ஜாக்குலின் மேல் கல் எறிந்தவர்களெல்லாம் இப்போது அவன் மேல் பாய்ந்தார்கள். ஏமாந்த ஊருக்குக் கோபம் இரட்டிப்பு. போலீஸ் அவனை இழுத்துப் போகும்போது அவனுக்கு ஒரு கண் மூடியிருந்தது. கொலை வழக்கு நடக்கிறது.

பிரதாப்பை அடக்கம் செய்த பிறகு ஊர் மறுபடி கூடியது. தேவிக்கு வெள்ளைப் பாடு உண்டு என்றார்கள். திருடன் என்று சொன்னதற்காக யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கூட்டத்துக்கு அந்த வழக்கம் இல்லை. கட்டுப்போட்ட கையோடு ஜாக்குலின் எழுந்தாள்.

"கட்டிக் குடுங்க. ஆனா இனிமே வெள்ளையா இருந்தாலும் நான் தூக்கிப் பாப்பேன்."

முணுமுணுப்பு எழுந்தது. செத்தவன் பெயரில் இருக்கும் வலையை ஊர் முன்னால் சோதிக்கக் கொடுக்க எந்தப் பெண் ஒப்புக்கொள்வாள்? தேவிதான் சொன்னாள். "மொதல்ல என் வலயத் தூக்கட்டும்."

கைக்கட்டுப் பிரித்த பிறகு, தேவிக்கு வலை கட்டிய முதல் காலையில் கண்ணப்பன் படகை வெள்ளைத் துணிக்குக் கிட்டே நிறுத்தினான். ஜாக்குலின் கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டாள். மறுபடி நீட்டினாள். முடியவில்லை. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

கரையில் தேவி இடுப்பில் சின்னக் குழந்தையோடு நின்றிருந்தாள். அன்றைக்குப் பிரதாப் கிழிந்த உதட்டோடு வீட்டுக்கு வந்ததை அவள் மறக்கவில்லை.

"தூக்குக்கா!" என்று கத்தினாள். "அவர அறஞ்சியே, அதே கையால தூக்கு!"

ஜாக்குலின் அதே கையால் தூக்கினாள். இரண்டு விரல் மடங்காததால் மெதுவாகத்தான் தூக்க முடிந்தது. உள்ளே கொசுவலை இல்லை, வளர்ந்த மடவைகள்தான் கிடந்தன. "சரியா இருக்குது தேவி" என்று கரைக்குக் கேட்கும்படி சொன்னாள்.