மச்சான் கையில் கயிறு

காமர்ஸ் வாத்தியார் கடலுக்குப் போய் என்னத்தைச் சாதிக்கப் போகிறான் என்று கல்லூரியில் சிரித்தார்கள். யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. நாசரேத்து மிஷன் பள்ளியில் படித்து, மதராஸில் பட்டம் வாங்கி, வியாபாரம் என்றால் என்ன என்பதைப் புத்தகத்தில் மட்டும் பார்த்து வந்தவன் நான். வாழ்நாளில் ஒரு பெட்டிக்கடையில்கூட உட்கார்ந்ததில்லை. அதற்காக வியாபாரத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசத் தயங்கியதும் இல்லை. இப்போது வேலைக்கு வந்திருக்கும் இளம் ஆசிரியர்கள், ஃபீல்டு வொர்க் என்று எதையாவது செய்திருக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். செய்திருக்கிறேன். ஒரே ஒரு முறை.

1. முதலாளி கொடுத்த வேலை

தூத்துக்குடியில் சங்கு வியாபாரம் செய்த ஒரு முதலாளி எங்கள் கல்லூரிக் கமிட்டியில் இருந்தார். கடலடியில் மூழ்கிச் சங்கெடுக்கும் குளியாளிகளின் வள்ளங்களுக்கு முன்பணம் கொடுப்பார். வரும் சங்கு வளையல் அறுக்கக் கல்கத்தாவுக்குப் போகும். அவர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"வாத்தியாரே, வெள்ளைக்காரன் மூட்டை கட்டுதான். நாளைக்கு நம்ம ஆளுவளே நம்மகிட்ட கேள்வி கேப்பானுவ. அதுக்கு முன்னால குளியாளிகளுக்கு ஒரு சகாய ஸ்கீம் போட்டு வச்சிருவோம். நீரு இங்கிலீஷ்ல நல்லா எழுதித் தாரும்."

சரி என்றேன். அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்.

"கார்த்திகையில சூசைன்னு ஒருத்தன் கடல்ல போயிட்டான். பிரேதம் கெடைக்கல. அவன் பெண்டாட்டிக்கு ரூபா குடுக்க நான் ரெடி. ஆனா புருஷன் செத்துட்டான்னு கையெழுத்துப் போட மாட்டேங்கா. நீரு போய்ப் பேசிப் பாரும். ஸ்கீமுக்கு அதுதான் முத கேஸ்."

ஆளைக் காணவில்லை என்றால் ஏழு வருஷம் கழித்துத்தான் செத்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும் என்று என் படிப்பைக் காட்டினேன்.

"ஏழு வருஷம் பிள்ளைக என்னத்தத் திங்கும்? போம்வே, போய் ஆக வேண்டியதப் பாரும்" என்றார். முரட்டு மனிதர்தான். ஆனால் அவர் கேட்டது நியாயம்.

2. ரெஜீனாவின் வீடு

சங்கு குளிப்பதில் ஒரு வழக்கம் உண்டு. குளியாளி கல்லைக் கட்டிய கயிற்றில் காலை வைத்து இறங்குவான். கையில் இன்னொரு கயிறு இருக்கும். அதன் நுனியில் சங்கு போடும் வலைப்பையும், பை மிதக்காமலிருக்க ஒரு சிறு கல்லும் இருக்கும். மூச்சு முட்டும்போது அந்தக் கைக்கயிற்றை இரண்டு தரம் இழுப்பான். மேலே இருப்பவன் உடனே தூக்க வேண்டும். தாமதித்தால் ஆள் போய்விடுவான். அதனால் அந்தக் கயிற்றைக் கண்டவர் கையில் கொடுப்பதில்லை. மச்சான்தான் பிடிக்க வேண்டும், அதாவது மனைவியின் உடன்பிறந்தவன். தன் சகோதரி தாலியறுக்க எவனும் சம்மதிக்க மாட்டான் அல்லவா?

இதை முதலில் கேட்டபோது எனக்கு ஒரே பூரிப்பு. பிரீமியம் இல்லை, ஏஜெண்ட் இல்லை, இதை மிஞ்சிய இன்ஷூரன்ஸ் உலகத்திலேயே கிடையாது என்று அடுத்த வகுப்பில் அளந்து தள்ளினேன். அந்த ஏற்பாடு தவறிப்போனால் கயிறு பிடித்தவன் கதி என்ன என்று யோசிக்கவில்லை. மாணவர்களும் கேட்கவில்லை.

சூசையின் மனைவி ரெஜீனா கடற்கரை ஓரம் ஓலை வீட்டில் இருந்தாள். இரண்டு சின்னப் பிள்ளைகள். கழுத்தில் தாலி இருந்தது, பொட்டும் இருந்தது. அவளுடைய தம்பி கஸ்பார்தான் கயிறு பிடித்தவன். கார்த்திகையில் அந்த நாளில் இரண்டு இழுப்பு வந்தது. அவன் உடனே தூக்கினான். வெறும் கயிறுதான் வந்தது. மற்றக் குளியாளிகள் இறங்கித் தேடினார்கள். அடியில் மணல்தான் கிடந்தது.

நான் போனது மாசி மாதம். அன்றுவரை கஸ்பார் வேறு வேலைக்குப் போகவில்லை. காய்ச்சலில் கிடந்த ஒன்றிரண்டு நாள் தவிர, வள்ளங்கள் கடலுக்குப் போகும் நாளெல்லாம் அவனும் போய், அதே இடத்தில் அதே கயிற்றை இறக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எதுக்காக?" என்று கேட்டேன்.

கஸ்பார் வாசலில் குந்தியிருந்தான். இருபது வயது தாண்டியிருக்காது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"கயிறு இல்லேன்னா மச்சான் எதப் பிடிச்சு மேல வருவாவ?" என்றான்.

அவன் பைத்தியக்காரனைப் போலப் பேசவில்லை. பஸ்ஸுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று வழி சொல்வதைப் போலத்தான் சொன்னான்.

அவன் எழுந்து போனதும் ரெஜீனா குரலைத் தாழ்த்தினாள். "தம்பி கயித்த விட்டான்னா அன்னைக்கே கையெழுத்துப் போடுதேன் ஐயா. அவன் கயித்தப் பிடிச்சிருக்கையில நான் எப்படிச் செத்தாவன்னு எழுத? சோறு இறங்க மாட்டேங்கு அவனுக்கு. கயிறு இழுக்குன்னு சொல்லுதான். அடுத்த மழைக்கு முன்னால அவனையும் பொதைக்க வேண்டியதுதான். நீங்க ஒரு நாள் அவன்கூட வள்ளத்துல போயிட்டு வாங்க."

"நான் போய் என்னம்மா செய்ய?"

"போங்க ஐயா. நான் அவன்ட்டச் சொல்லி வைக்கேன். படிச்சவுக சொன்னா கேப்பான்."

3. அந்த இடம்

வள்ளத்துக்கு இன்னாசி என்ற பெரியவர் பொறுப்பு. காற்று விழுந்து, கடல் எண்ணெய் ஊற்றினது போல் கிடந்தது. மற்ற வள்ளங்கள் எல்லாம் ஒரு பக்கமாக விலகி நின்று வேலை செய்தன. இந்த இடத்துக்குக் கிட்டே யாரும் வரவில்லை. தூரத்தில் நங்கூரம் போட்ட கப்பல் ஒன்று தெரிந்தது. எங்களைச் சுற்றி மட்டும் சத்தமே இல்லை.

கஸ்பார் கயிற்றை இறக்கினான். பிறகு தன் பக்கத்தில் ஓர் ஆள் ஏறும் அளவுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான். மடியில் துவைத்து மடித்த துண்டு ஒன்று இருந்தது.

"அது எதுக்கு?"

"ஏறினதும் குளிருமுல்லா" என்றான்.

கரைக்குத் திரும்பச் சொல்லலாமா என்று இன்னாசியைப் பார்த்தேன். அவர் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீவாடு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். நீவாடு என்றால் கடலின் உள்ளோட்டம். கயிறு இழுக்கிறது என்றால் அதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று வரும் வழியெல்லாம் முடிவு செய்து வைத்திருந்தேன்.

"இன்னைக்கு நீவாடு இல்ல ஐயா. தண்ணி செத்துக் கெடக்கு" என்றார் இன்னாசி.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. உச்சிப்பொழுதுக்குக் கஸ்பார் என்னைப் பார்த்தான்.

"ஐயா, நீங்க கொஞ்சம் பிடிச்சுப் பாருங்க. இவுக யாரும் பிடிக்க மாட்டேங்காவ. மச்சான் மொறையில்லாதவன் பிடிக்கக் கூடாதாம். நீங்க அசலூரு, உங்களுக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு மட்டும்தான் இழுக்கா, இல்ல நெசமாவே இழுக்கான்னு தெரியணும். அக்கா சொல்லிச்சு, நீங்க சொன்னா சரியா இருக்கும்னு."

வாங்கினேன். நனைந்த தேங்காய் நார்க் கயிறு. நுனிக்கல்லின் கனம் தெரிந்தது, வேறொன்றும் இல்லை. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இந்தப் பையனுக்கு நல்ல டாக்டராகப் பார்த்து ஏற்பாடு செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது கயிறு இழுத்தது.

ஒரு தரம். சற்றுப் பொறுத்து இன்னொரு தரம். மீன் கடித்தது போலவோ, பாறையில் சிக்கியது போலவோ இல்லை. குழந்தை சட்டையைப் பிடித்து இழுக்குமே, அப்படி, உரிமையோடு இழுத்தது. என் கை தானாகவே தூக்கப் போனது. அதை நிறுத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நான் பயந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை.

கஸ்பார் கயிற்றைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆமாம் என்று நான் சொன்னால் அவன் சாகும்வரை அந்த வள்ளத்தை விட்டு இறங்க மாட்டான். அது எனக்கு ஐயமில்லாமல் தெரிந்தது.

"ஒண்ணும் இல்ல கஸ்பார். கல்லோட கனம்தான்" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

கயிற்றைத் திரும்ப வாங்கினான். நெற்றியில் ஒற்றிக்கொண்டான். பிறகு இரண்டு கையையும் விரித்துவிட்டான். வள்ளத்தில் கிடந்த மிச்சக் கயிறும் விளிம்பைத் தாண்டி விறுவிறுவென்று உள்ளே போனது. நனைந்த கயிறு, நுனியில் கல், அப்படித்தான் போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னாசி சிலுவை போட்டுக்கொண்டார்.

மடியிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கஸ்பார் அந்த இடத்திலேயே சாய்ந்து தூங்கிப்போனான். கரை வரும்வரை எழுந்திருக்கவில்லை.

4. ரெஜீனா கேட்டது

மறுநாளே ரெஜீனா கையெழுத்துப் போட்டாள். கோயிலில் பூசை வைத்தார்கள். கஸ்பாருக்குத் துறைமுகத்தில் தோணிச் சரக்கு ஏற்றும் வேலை கிடைத்தது. ஆள் தேறிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். முதலாளி என் முதுகில் தட்டி, "படிச்சவன் படிச்சவன்தாம்வே" என்றார்.

பங்குனியில் பணத்தைக் கொடுக்க நானே போனேன். ரெஜீனா வெள்ளைச் சேலையில் இருந்தாள். பிள்ளைகளை வெளியே விளையாடச் சொல்லிவிட்டு வந்து நின்றாள்.

"ஐயா, இப்பம் நெசத்தச் சொல்லுங்க. இழுத்தாவளா?"

பொய் சொல்ல முடியவில்லை. "ஆமாம்மா" என்றேன்.

"ரெண்டு தரமா?"

"ரெண்டு தரம்."

அவள் அழுவாள், என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

"தையில தம்பி காய்ச்சல்ல கெடந்தான். பொம்பளை வள்ளத்துல ஏறப்பிடாதுன்னாவ. நான் இன்னாசி மாமா கால்ல விழுந்து ஏறிப் போனேன். எங்கையிலயும் இழுத்தாவ. அவுக இழுக்கிறது எனக்குத் தெரியாதா?" பிள்ளைகள் கேட்கிறார்களா என்று வாசலை எட்டிப் பார்த்தாள். "நான் தூக்கல ஐயா."

"ஏன்?"

"தம்பி தூக்குனா வெறுங்கயிறு வருது. நான் தூக்குனா வந்துருவாவளோன்னு பயந்துட்டேன். ரெண்டு மாசம் தண்ணிக்குள்ள கெடந்தவுக. வந்தா நான் எப்படிப் பாக்க? வேண்டாம்னு எப்படிச் சொல்ல?"

நான் நீட்டிய பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு தொடர்ந்தாள்.

"அவுக என் புருஷன். இழுக்கத்தான் செய்வாவ. அதுக்காவ என் தம்பியையும் குடுக்க முடியுமா? நான் 'விட்ரு'ன்னா கேக்க மாட்டான். சாமியாரு சொல்லியும் கேக்கல. அதான் உங்கள அனுப்பினேன். உங்களுக்கு இழுத்தாலும் நீங்க ஒண்ணும் இல்லன்னுதான் சொல்லுவீயன்னு எனக்குத் தெரியும். படிச்சவுக அப்படித்தான சொல்லுவாவ."

முதலாளிக்குக் கொடுத்த ஸ்கீமில் ஒரு ஷரத்து சேர்த்தேன். குளியாளி காணாமல் போனால் அன்றைக்கே கயிற்றை மச்சான் கையிலிருந்து வாங்கி, உறவில்லாத ஒருவரிடம் கொடுக்க வேண்டும் என்று. "இது எதுக்குவே?" என்று கேட்டார். செலவில்லாத காரியம் என்றேன். விட்டுவிட்டார்.

இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். எந்த ஏற்பாட்டைப் பார்த்தாலும், அது பலிக்கும்போது எவ்வளவு அழகு என்று வியந்துகொண்டு நிற்காதீர்கள். தவறிப்போனால் அதில் கட்டுண்டவனை யார் அவிழ்த்துவிடுவது என்று முதலில் கேளுங்கள். என் படிப்பால் யாருக்காவது பிரயோசனம் உண்டா என்று கேட்டால், கஸ்பார் பிறகு கல்யாணம் செய்து பிள்ளை குட்டியோடு இருந்தான் என்பதைத்தான் சொல்வேன். அந்தப் பொய்யை இன்றைக்குச் சொல்லச் சொன்னாலும் சொல்வேன். ஆனால் அடியில் ஒருவன் தூக்கச் சொல்லி இழுத்தான், மேலே இருந்த நாங்கள் இரண்டு பேர் தெரிந்தே தூக்கவில்லை.