மயக்க ஊசித் துப்பாக்கிக்கு ஒரு கம்பளிக் குல்லாய்

நான் கால்நடை மருத்துவர். கிட்டே நெருங்க முடியாத மாட்டுக்கு மருந்து ஏற்ற எங்களிடம் ஒரு மயக்க ஊசித் துப்பாக்கி இருக்கிறது. பார்க்க ரைபிள் மாதிரியே இருக்கும். குண்டுக்குப் பதில் ஊசி பறக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். குறி பார்க்க அதன் முதுகில் ஸ்கோப் என்னும் தொலைநோக்கிக் குழாய் ஒன்று உண்டு.

துப்பாக்கியைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இருந்ததில்லை. ஸ்கோப்தான் கைக்குழந்தை. கண்ணாடியில் சேறு பட்டு அதைத் துப்பட்டாவால் துடைத்தால் கீறல் விழும். வரப்பு ஓரத்துப் பாதையில் ஜீப் குலுங்கினால் திருகு தளரும். ஒரு சாண் குறி தப்பினாலும் தொடையில் இறங்க வேண்டிய ஊசி வயிற்றில் இறங்கிவிடும்.

துப்பாக்கியோடு வந்த உறை ஒரு மழைக்காலத்தில் கிழிந்துபோனது. புதிய உறைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்த நாட்களில்தான் என் மகளின் குல்லாய் கண்ணில் பட்டது. கொடைக்கானல் போன என் நாத்தனார் ஆசையாக வாங்கி வந்தது. ரோஸ் நிறக் கம்பளி, உச்சியில் பஞ்சுக் குஞ்சம். தஞ்சாவூர் வெயிலில் எந்தக் குழந்தை அதைப் போட்டுக்கொள்ளும்? மாட்டிப் பார்த்தேன். ஸ்கோப்புக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றி, சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி இரண்டு பக்கமும் இறுக்கினேன்.

"பாப்பா குல்லாயையா எடுத்துட்டுப் போற?" என்றார் கணவர்.

"பாப்பாவுக்கு வேர்க்குது. இதுக்குக் குளிருது" என்றேன்.

அந்த ஐப்பசியில் குடவாசல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் அக்கா போன் செய்தார். அங்கே சொந்த நிலத்தில் சம்பா போட்டிருப்பவர்.

"டாக்டரம்மா, எங்க கோயில் காளை முன்னங்கால்ல நைலான் கயிறு சுத்திக்கிச்சு. கால் வீங்கிக் கெடக்கு. கிட்ட போனா முட்ட வருது. நீங்க வந்தாத்தான் ஆச்சு."

டிரைவர் அண்ணனும் நானும் கிளம்பினோம். ஜீப்பில் ஏசி போடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். குளிர்ந்த ஸ்கோப்பை வெளிக்காற்றில் எடுத்தால் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும்.

"அந்தக் குழாய்க்கு ஒடம்பு சரியில்லாமப் போயிடும்னு நம்மள வேக வைக்கிறீங்களே மேடம்" என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே ஓட்டினார்.

ஜீப் வாய்க்கால் வரைதான் போயிற்று. அதைக் கடக்கத் தென்னைமரத்தைக் கிடத்திப் பாலமாக்கியிருந்தார்கள். மழையில் ஊறிய மரம். அண்ணன் மருந்துப் பெட்டியோடு முதலில் அக்கரை போய்விட்டார். நான் பாதி தூரம் போனதும் கால் வழுக்கியது. அடுத்த நொடி வாய்க்காலுக்குள் இருந்தேன். தலை தண்ணீருக்குள் போய் வந்தது. வலது கை மட்டும் துப்பாக்கியோடு மேலே நின்றது.

"கைய விடாதீங்க மேடம்!" என்று கத்தியபடி அண்ணன் இறங்கி வந்து, முதலில் துப்பாக்கியைத்தான் வாங்கினார். பிறகுதான் என்னை.

காத்திருந்த அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அய்யய்யோ, சிரிக்கக் கூடாதுதான்... துப்பாக்கிக்கு யாருங்க குல்லாய் போட்டது?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தலையிலிருந்து பாசியை எடுத்தபடியே விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஆனால் விழுந்தபோது ஸ்கோப் மரத்தில் இடித்த சத்தம் கேட்டிருந்தது. ஸ்கோப்பின் திருகுகளை முறுக்கியபின் ஒவ்வொன்றின் மேலும் அது இறுக்கும் இரும்புப் பிடியின் மேலும் சேர்ந்தாற்போல நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்து வைப்பது என் வழக்கம். திருகு அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். உறையைக் கழற்றிப் பார்த்தேன். கண்ணாடி உலர்ந்து பளிச்சென்று இருந்தது. பின்பக்கத்துத் திருகு ஒன்றில் சிவப்புக் கோடு விலகியிருந்தது.

முறுக்கினேன். அது போதாது, சுட்டுப் பார்க்க வேண்டும். கொல்லையில் ஒரு வாழைமரத்தில் அக்கா சுண்ணாம்பால் பொட்டு வைத்துக் கொடுத்தார். ஊசியில் வெறும் தண்ணீர் நிரப்பிச் சுட்டேன். பொட்டுக்கு வலப்பக்கம் நாலு விரல் தள்ளிக் குத்தியது. ஸ்கோப்பின் பக்கவாட்டுக் குமிழைத் திருப்பிச் சரிசெய்து மறுபடி சுட்டேன். பொட்டின் நடுவில் நின்றது. அண்ணன் கிரிக்கெட் பார்ப்பவர் போலக் கைதட்டினார்.

காளை வயலின் நடுவே முழங்கால் தண்ணீரில் நின்று கதிர் வராத பயிரை நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தது. அங்கே மயக்கம் கொடுத்தால் விழுந்து மூக்கில் தண்ணீர் ஏறிவிடும். மேட்டுக்கு வரவழைத்தாக வேண்டும்.

"அத நான் பாத்துக்கறேன்" என்ற அக்கா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு களத்து மேட்டில் போய் நின்றார். "வாடா என் ராசா! பயிரத் தின்னது போதும். பழம் வேணுமா, வேணாமா?"

காது இரண்டும் நிமிர்ந்தன. நொண்டி நொண்டி வந்தது. வீங்கிய காலைப் பார்க்கவே மனசு கலங்கியது. அக்கா பழத்தைத் தரையில் போட்டுவிட்டுக் களத்தை ஒட்டிய தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். தூறல் ஆரம்பித்தது. மறுபடி மாட்டியிருந்த குல்லாயைக் கடைசி நொடி வரை எடுக்கவில்லை. காளை பக்கவாட்டில் திரும்பியதும் எடுத்தேன். ஸ்கோப்பில் அதன் தொடையில் ஈக்கள் உட்கார்ந்திருப்பதுகூடத் தெரிந்தது. மூச்சை நிறுத்தி அழுத்தினேன்.

ஊசி தொடைச் சதையில் நின்றது. காளை ஒரு துள்ளு துள்ளி, என்ன கடித்தது என்பது போலத் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி பழத்தில் வாய் வைத்தது. கொஞ்ச நேரத்தில் தலை தொங்கியது. பின்னங்கால்கள் தள்ளாடின. மெதுவாக மடங்கிப் படுத்துக்கொண்டது.

ஓடினோம். அண்ணன் தலையை மடியில் தாங்கிப் பிடித்தார். கயிறு சதைக்குள் பதிந்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்தேன். புண்ணைக் கழுவி மருந்து போட்டேன். நல்லவேளை, எலும்பு வரை போகவில்லை. விரலால் குளம்புக்கு மேலே தொட்டுப் பார்த்தபோது சூடு இருந்தது. ரத்த ஓட்டம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சூடு என் கைக்கு வந்ததும் ஈரச் சுடிதாரின் குளிர் மறந்தே போயிற்று.

"பொழச்சுக்குவானா?" ஜன்னல் வழியாக அக்காவின் குரல்.

"ஓடவே செய்வான் அக்கா!"

மயக்கத்தை மாற்றும் ஊசியைப் போட்டுவிட்டு மூவரும் வீட்டு வாசலில் நின்று பார்த்தோம். காது ஆடியது. பெருமூச்சு விட்டது. சட்டென்று எழுந்து உடம்பை உதறிக்கொண்டது. அடிபட்ட காலைத் தரையில் வைத்துப் பார்த்தது, எடுத்தது, மறுபடி அழுத்தி வைத்தது. பிறகு நாலு காலில் நடந்தது. நேராகக் கொல்லைக்குப் போய்ப் பந்தலில் படர்ந்திருந்த புடலங்கொடியை ஒரே இழுப்பாக இழுத்தது. பந்தலே சாய்ந்தது.

"அக்கா, கொடி!" என்று நான் பதறினேன்.

"தின்னுட்டுப் போறான், விடுங்க டாக்டரம்மா" என்ற அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மாத்துத் துணி தர்றேன், கட்டிக்குங்க. சோறு ஆறுது. மீன் கொழம்பு வச்சிருக்கேன்."

அவருடைய சேலையைக் கட்டிக்கொண்டு அன்று நான் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.